சீனி ஒட்டிய மீன்கள்

தண்ணீர் விஷயத்தில் எங்கள் வீட்டாருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஹட்டனிலிருந்து சற்றுத் தள்ளி, தேயிலை மலைக்குக் கீழே இருக்கிறது வீடு. குழாயில் வருவது மேலேயுள்ள ஊற்றுத் தண்ணீர். குழாய் போட்டு இருபது வருடமாகியும் அதைப் பீலித் தண்ணீர் என்றுதான் சொல்கிறோம். சவர்க்காரத்தைத் தொட்டாலே நுரை பொங்கும், அலசி முடியாது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவம் என்ற ஒன்றை அம்மா கண்டதே இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் விடுதிக் கேத்தலுக்குள் சுவருக்கு வெள்ளையடித்தது போல ஓர் அடுக்கு இருக்கும். விடுமுறைக்கு வந்து அதைச் சொன்னபோது, "அந்தத் தண்ணீரையா குடிக்கிறாய்?" என்று அம்மா பதறிப்போனார்.

அந்தத் தலைக்கனத்தை இறக்கிவைத்தவை ஐந்து தங்கமீன்கள்.

தம்பியின் மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் மீன்தொட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சித்தியடைந்துவிட்டாள். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, காற்றுப் பம்பி, நுரைப்பஞ்சு வடிகட்டி என்று வாங்கி, 55 லீற்றர் தண்ணீர் நிரப்பி, வரவேற்பறையில் வைத்தேன். கொழும்பில் வேலை செய்யும் தம்பியிடம், ஒரு மாதத்துக்கு மீன் வாங்கிவிடாதே, தொட்டி தயாராக வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னேன். "சரி அக்கா" என்றான். மூன்றாம் நாள் சனிக்கிழமை மாலை, மழையில் நனைந்த கையில் ஊதிக் கட்டிய பொலித்தீன் பையோடு வாசலில் நின்றான்.

"தண்ணீர்தான் ஊற்றியாயிற்றே அக்கா, இன்னும் என்ன தயாராக வேண்டும்?"

கேள்வி நியாயமானதுதான். பதில் எனக்குத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. நான் விஞ்ஞானம் கற்பிக்கிறவள். நைதரசன் வட்டத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. மீன் தன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்குகிறது. இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்குகிறது. முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது பெரும்பாலும் தீங்கற்றது. பாடநூலில் இந்த இரண்டு சொற்களுக்கும் ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். மாற்றி எழுதினால் மாணவருக்கு ஒரு புள்ளி போகும், மீனுக்கு உயிர் போகும். இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. நுரைப்பஞ்சிலும் சரளைக்கல்லிலும் கண்ணாடியிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை இல்லை. வெதுவெதுப்பான இடத்திலேயே அவை பெருகி வேலைக்குத் தயாராக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டி என்பது கழிவறை இல்லாத வீடு.

ஆனாலும் மீன்கள் வந்துவிட்டன. பிள்ளை கைகளைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். திருப்பி அனுப்பவா முடியும்?

மூன்றாம் நாள் காலை பாடசாலைக்குப் புறப்படும்போது அவள் கூப்பிட்டாள். "அத்தை, இந்த மீன் மேல் சீனி ஒட்டியிருக்கிறது."

குனிந்து பார்த்தேன். வால் நுனியில் நான்கைந்து, முதுகுத் துடுப்பில் இரண்டு, செவுள் மூடியில் ஒன்று. மேசையில் சிந்திய சீனியை ஈர விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமே, அப்படியே. மீன் சரளைக்கல்லில் பக்கவாட்டாக உரசிவிட்டு வெடுக்கென்று ஓடியது. வெண்புள்ளி நோய். பையில் அடைபட்டு, பஸ்ஸில் குலுங்கி, குளிர்ந்த தண்ணீரில் விழுந்த மீன்களுக்கு வருகிற வழக்கமான வியாதி. ஒரு நுண்ணிய ஒட்டுண்ணிதான் காரணம். அது மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்று கொழுக்கும்போதுதான் அந்த வெள்ளைப் புள்ளி தெரிகிறது. கொழுத்தபின் உதிர்ந்து அடியில் போய் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பிரிந்து, புது மீனைத் தேடி நீந்துகிறது. எந்த மருந்தானாலும் நீந்தித் திரியும் இந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும்தான் அதைக் கொல்லும். புள்ளியாக இருக்கும்போது அதன்மேல் மருந்து படாது.

இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். அன்று மாலை செய்தது, கடையில் கொடுத்த நீல மருந்தை வாங்கிவந்து ஊற்றியதுதான். மெத்திலீன் ப்ளூ. வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்ட வாளி போல ஆயிற்று தொட்டி. மீன்கள் நிழல்களாகத் தெரிந்தன. இரண்டு நாள் கழித்து வடிகட்டியைத் தூக்கிப் பார்த்தபோது நுரைப்பஞ்சு நடுக்கொட்டை வரைக்கும் நீலம். அப்போதுதான் உறைத்தது. ஒட்டுண்ணியைக் கொல்ல ஊற்றியது, நான் வளர்க்க நினைக்கும் பற்றீரியாவுக்கும் நஞ்சு. என்னிடம் இருந்தது ஒரு நோயாளி அல்ல, இரண்டு நோயாளிகள். ஒன்றின் மருந்து மற்றதன் விஷம்.

பாதித் தண்ணீரை வெளியேற்றினேன். மறுநாளும் பாதி. தொட்டியின் மூலைகளில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கன் பசை நீலம் குடித்துவிட்டிருந்தது. அது இன்றுவரை போகவில்லை.

மருந்துக்குப் பதிலாக உப்பு. லீற்றருக்கு மூன்று கிராம் வீதம், தொட்டிக்கு 165 கிராம் கல்லுப்பு. மூன்று பங்காக்கி, ஒன்றரை நாளில் கரைத்து ஊற்றினேன். கடையில் கிடைத்தது ஆனையிறவு உப்பு. வடக்கிலிருந்து ஏறிவந்து என் மீன்களுக்கு வைத்தியம் பார்த்தது. இந்த அளவு உப்பை நீந்தும் ஒட்டுண்ணி தாங்காது, தங்கமீன் தாங்கும், பற்றீரியாவும் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். இன்னொரு நன்மையும் உண்டு. நைத்திரைற்று மீனின் இரத்தத்தில் ஏறினால் ஒட்சிசனைச் சுமக்க விடாது. இரத்தமே கபில நிறமாகிவிடும். உப்பிலுள்ள குளோரைட்டு செவுளின் வாசலில் நின்று நைத்திரைற்றை உள்ளே விடாமல் மறிக்கும். ஆக, நோய்க்குப் போட்ட உப்பே, இனி வரப்போகும் நஞ்சுக்கும் காவல்.

அடுத்தது சூடு. மார்கழிக் குளிரில் எங்கள் வரவேற்பறை விடியற்காலையில் 16 பாகைக்கு இறங்கும். தங்கமீன் குளிர் தாங்கும், அதற்குப் பிரச்சினையில்லை. ஆனால் குளிரில் ஒட்டுண்ணி சோம்பேறியாகி மீனின் மேலேயே வாரக்கணக்கில் குடியிருக்கும். 24 பாகைக்கு மேல் என்றால் ஒரு வாரத்துக்குள் உதிர்ந்து, உப்பில் மாட்டிக்கொள்ளும். பற்றீரியாவும் குளிரில் தூங்கி வழியும். ஒரு சிறு சூடாக்கி வாங்கினேன். மின்கட்டணத்தைப் பற்றி அப்பா கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை.

பிறகு வாளிதான். ஒவ்வொரு நாள் மாலையும் கால்வாசித் தண்ணீர், அதாவது இரண்டு வாளி. முதல் நாளே பிடித்துக் காற்றோட வைத்த பீலித் தண்ணீரில் கேத்தல் வெந்நீரைக் கலந்து, கையை விட்டுச் சூடு பார்த்து, வாளிக்கு இருபது கிராம் உப்புக் கரைத்து ஊற்றவேண்டும். இங்கேதான் எங்கள் தண்ணீரின் பெருமை கைகொடுத்தது. குளோரின் இல்லை. குளோரின் போட்ட நகரத்துக் குழாய்த் தண்ணீர் என்றால், மீனுக்கும் பற்றீரியாவுக்கும் சேர்த்துச் சமாதி. அதை முறித்துவிட்டுத்தான் ஊற்றமுடியும். தீனி இரண்டு நாளுக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கொஞ்சம். "பட்டினி போடுகிறாய்" என்று பிள்ளை அழுதாள். போடாத தீனியால் மீன் சாவதை விட, போட்ட தீனியால் சாவதுதான் அதிகம் என்று சொன்னால் பத்து வயதுக்குப் புரியுமா?

ஒன்பதாம் நாள் சீனி உதிரத் தொடங்கியது. பதினைந்தாம் நாள் ஒரு புள்ளியும் இல்லை. ஐந்து மீனும் உயிரோடு. வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

வினை வந்தது அதற்குப் பிறகு.

தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தன. தண்ணீர் மாற்றுவது நாலைந்து நாளுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. மீன்கள் சுறுசுறுப்பாகத்தானே திரிகின்றன என்ற தைரியம். ஒரு நாள் இரவு சோதனைத் துளிகளை விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக இருக்கவேண்டிய குழாய் இலைப் பச்சை. அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம். நைத்திரைற்று சுத்தமாக இல்லை. மூன்று வாரமாகியும் பற்றீரியாக்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். புளிப்பை அளக்கும் பீஎச் தாளை நனைத்தால் (ஏழு நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு), அட்டையின் கடைசி நிறம்: 6.

இத்தனை அமோனியாவில் மீன்கள் எப்படிப் பிழைத்தன? விடை அந்த ஆறில் இருந்தது. தண்ணீரில் அமோனியா இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று நச்சு அமோனியா, மற்றது அவ்வளவு நஞ்சில்லாத அமோனியம். எது எவ்வளவு என்பதைப் பீஎச் தீர்மானிக்கிறது. 20 பாகையில், பீஎச் 6 என்றால் நூற்றுக்கு 0.04 பங்குதான் நச்சு வடிவம். ஏழில் 0.4. எட்டில் 4 பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு படி ஏறினால் பத்து மடங்கு. எங்கள் மென்மையான, லேசாகப் புளித்த தண்ணீர் மூன்று வாரமாக என் மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அதே தண்ணீர்தான் பற்றீரியாவை வளரவும் விடவில்லை. அமோனியாவை உடைக்கும்போது அவை அமிலத்தை வெளிவிடுகின்றன. ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்று ஆக்குவதற்கு, ஏழு மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்கு ஈடான காரத்தன்மை, அதாவது அமிலத்தை முறிக்கும் சக்தி, செலவாகும். யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணக்கல்லிலிருந்து ஊறுவது. அங்கே இது ஒரு பொருட்டே இல்லை, அந்தக் கேத்தல் படிவமே போதும். நம்முடைய மலையோ கரைந்து கொடுக்காத பழம் பாறை. மழை அதன்மேல் வழிந்து அப்படியே பீலிக்கு வந்துவிடுகிறது. தண்ணீரில் ஒன்றுமில்லை. அதைத்தானே இத்தனை காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். முதலில் இருந்த சொற்பக் காரத்தன்மையும் தீர்ந்து, பீஎச் ஆறுக்கு இறங்கியதும், பற்றீரியாக்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன.

காரணம் தெரிந்துவிட்டது. இரவு ஒன்பது மணி. சமையலறையில் அப்பச்சோடா டப்பா இருந்தது. சோடியம் இருகாபனேற்று. இரண்டு தேக்கரண்டி எடுத்துக் கரைத்து ஒரேயடியாக ஊற்றிவிட்டு, நிம்மதியாகப் படுக்கப் போனேன்.

விஞ்ஞான ஆசிரியை!

விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா எழுப்பினார். கையில் டோர்ச். நான்கு மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் இரத்தச் சிவப்பு. வால் நுனி வெள்ளையாக இருந்த சின்ன மீன் வடிகட்டியின் பின்னால் சாய்ந்து கிடந்தது. பீஎச் தாள் எட்டைக் காட்டியது. அமோனியாவின் மொத்த அளவு கூடவில்லை, அதே இரண்டுதான். அதிலிருந்த நஞ்சு மட்டும் ஓர் இரவில் ஏறக்குறைய நூறு மடங்காகியிருந்தது.

"என்ன போட்டாய்?"

"அப்பச்சோடா."

"ஒரே தடவையிலா?"

அப்பா தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இரசாயனப் பாடம் படித்தவரல்ல. வாளியைத் தூக்கித் தந்துகொண்டே கேட்டார்: "கவ்வாத்து மலைக்கு டொலமைட் போட்டுவிட்டு அடுத்த நாளே உரம் போடுவோமா? போட்டால் உரம் காற்றில் போய்விடாதா?"

கையில் வாளியோடு ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். தேயிலைக்குப் போடும் யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் மண்ணில் போய்ச் சேர்ந்ததும், இதே வகைப் பற்றீரியாக்கள் இதே வேலையைத்தான் செய்கின்றன. வருடக்கணக்கில் உரம் போடப்போட மண் புளித்துப்போகிறது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடிதான். ஆனாலும் பீஎச் 4.5க்குக் கீழே போனால் அதற்கும் தாங்காது. அதனால்தான் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல்தூளைத் தூவி மண்ணைச் சரிக்கட்டுவார்கள். டொலமைட்டும் உரமும் ஒன்றாகச் சேர்ந்தால், அமோனியம் வாயுவாகி எழுந்து போய்விடும். என் தொட்டியில் அன்றிரவு நடந்தது வேறொன்றுமில்லை. மலையில் அது உரத்துக்கு நட்டம், கண்ணாடிக்குள் அது மீனின் செவுளுக்குள் போகிற வழி. நான் மூன்று வாரம் இணையத்தில் புரண்டு படித்ததன் பாதி, தகரக் கொட்டகையில் சாக்கோடு கிடந்திருக்கிறது.

(பொலித்தீன் பையில் வரும் மீன்களுக்கும் இதே கதைதான். நெடும் பயணத்தில் மூச்சுக்காற்று சேர்ந்து பையின் தண்ணீர் புளித்திருக்கும், சேர்ந்த அமோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு போய், பீஎச் ஏறி, அமோனியா விழித்துக்கொள்ளும். ஆகவே பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பழக்குகிறேன் என்று உட்காராதீர்கள்.)

பாதித் தண்ணீரை மாற்றினோம். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் கால்வாசி. நான்கு மீன்கள் மெல்ல அடிக்கு இறங்கின. அன்று நான் பாடசாலைக்குப் போகவில்லை.

இரண்டாம் சுற்றை அப்பாவின் வேகத்தில் தொடங்கினேன். முதலில் அமோனியா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கும்வரை தினமும் வாளி. அதன்பிறகுதான் காரம். ஒரு கைப்பிடி டொலமைட்டைப் பழைய வேட்டித் துணியில் சிறு பொட்டலமாகக் கட்டி, வடிகட்டியின் அருகே காற்றுக்குமிழி படுகிற இடத்தில் தொங்கவிட்டேன். மாத்தளை, கண்டிப் பக்கத்துக் கல், மிக மெதுவாகத்தான் கரையும். அந்த மெதுதான் தேவைப்பட்டது. கூடவே, தண்ணீர் மாற்றும்போது வாளியில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா. சிட்டிகை என்றால் உண்மையான சிட்டிகை. பீஎச் இரண்டு வாரத்தில் ஏழுக்கு ஏறியது.

இதற்கிடையில் கண்டியில் இருக்கும் சிநேகிதி ஒருத்தியிடம் தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினேன். அவளிடம் நாலு வருடப் பழைய தொட்டி உண்டு. "ஒரு போத்தல் தண்ணீர் தரட்டுமா?" என்றாள். தண்ணீரில் ஒன்றுமில்லை, பஞ்சுதான் வேண்டும் என்றேன். நோயில்லாத தொட்டியா என்று இரண்டு முறை கேட்டும் கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போய், அவள் வடிகட்டிப் பஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து, மூடியை இறுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காய்ந்தாலும் மூச்சுமுட்டினாலும் அந்தப் பற்றீரியா செத்துவிடும். நாவலப்பிட்டி தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பெட்டியிலிருந்து குளத்துச் சேற்று வாசம் எழுந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சைத் தொட்டியிலேயே பிழிந்தேன். காப்பி நிறத்தில் ஒரு மேகம் விரிந்து, மீன்களை மறைத்து, அரை மணி நேரத்தில் அடங்கியது. பிழிந்த பஞ்சை வடிகட்டியோடு சேர்த்துக் கட்டினேன். "நல்ல பீலித் தண்ணீரில் சேற்றைக் கரைக்கிறாளே" என்று என் அம்மா புலம்பினார். அந்தச் சேற்றைத் தேடித்தான் நான் ஒன்றரை மாதமாக அலைந்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

எட்டாம் நாள் சோதனைக் குழாயில் ஊதா. நைத்திரைற்று! நஞ்சு வந்ததற்கு மகிழ்ந்து கூவியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதைத் தின்பவை வர இன்னும் இரண்டு வாரம். உப்பு காவல் இருந்தது, வாளி ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பற்றீரியாக்களை முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர், 1890 அளவில். ஒன்று பாதி வேலை செய்து இன்னொன்றிடம் ஒப்படைக்கும் என்பதுதான் அதன்பின் நூறு வருடத்துக்கு மேலாகப் பாடம். நானும் அப்படித்தான் அம்புக்குறி போட்டுக் கற்பித்தேன். 2015இல், இரண்டு பாதியையும் தானே செய்துமுடிக்கும் ஒரு பற்றீரியா இருப்பதை இரண்டு ஆய்வுக்குழுக்கள் கண்டுபிடித்தன. ஒரு குழுவுக்கு அது அகப்பட்ட இடம், மீன் வளர்க்கும் தொட்டிகளோடு இணைந்த ஒரு வடிகட்டி. கரும்பலகைப் படத்தில் இப்போது நான் ஒரு நீண்ட அம்பையும் சேர்த்து வரைகிறேன்.

அறுபத்தேழாம் நாள் அமோனியா இல்லை, நைத்திரைற்று இல்லை, நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராம். தண்ணீர் மாற்றுவது வாரத்துக்கு ஒருமுறையாயிற்று. வெளியேற்றும் தண்ணீர், உப்பெல்லாம் குறைந்து தீர்ந்த பிறகு, அம்மாவின் லீக்ஸ் பாத்திக்குப் போகிறது. நான்கு தங்கமீனுக்கு இரண்டடித் தொட்டி காணாது. அடுத்த வருடம் முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டவேண்டும் என்று அப்பா இப்போதே அளந்து கயிறு பிடித்துவிட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியின் மூலை ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்பார்கள். பிள்ளை கதை முழுவதையும் சொல்வாள்: சீனி, நீல மருந்து, உப்பு, பஸ்ஸில் வந்த பஞ்சு. ஐந்தாவது மீனைச் சீனி வியாதி கொண்டுபோய்விட்டது என்று முடிப்பாள். புள்ளிகள் ஒரு வாரத்துக்கு முன்பே உதிர்ந்துவிட்டன என்பது அவளுக்கு நினைவில்லை. நானும் திருத்தவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பம் சுட்டார். மாவில் கலக்க அந்த டப்பாவை என்னைத்தான் எடுத்துத் தரச் சொன்னார். பிள்ளை மூன்று அப்பம் சாப்பிட்டாள்.